உப்பு வணிகன் நொச்சியன் கேட்ட முதல் ஏடு

உப்பும் திருவும் குறையாத வெண்மணற்பட்டினத்து அரசர், திரையர்கோன் மாநாகனார் திருமுன் வைக்கப்படும் ஓலை. கருங்குன்ற நாட்டு அமைச்சர் ஆலங்கிழான் சேந்தனார், தம் அரசர் பெயரால் எழுதவேண்டியதை, அந்தப் பெயரை இப்போது பயன்படுத்த இயலாமையால் தம் பெயரால் எழுதுவது. தங்கள் துறையில் அலை அளவோடு அடிப்பதாக. தங்கள் உப்பளங்களில் மழை வழிதவறியும் பெய்யாதிருப்பதாக.

தங்கள் குடிமகன் நொச்சியன் கொலைக்குற்றத்துக்காக எங்கள் சிறையில் இருப்பதை அறிந்து, அவன் கொன்றது யாரை என்று கேட்டிருந்தீர்கள். முத்து வணிகன் பொற்சாத்தனை. இறந்தவன் எந்த ஊரான் என்றும் கேட்டிருந்தீர்கள். அவனுக்கு ஊர் இல்லை. அவன் ஒரு கதையில் வருபவன்.

நொச்சியனை விடுவிக்காவிட்டால் உப்பு வண்டிகள் மலையேறா என்று தாங்கள் எழுதியது எங்களுக்கு உறைத்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம். எங்கள் அவையில் வாயில் வந்த சொல் வந்தபடியே ஏட்டில் ஏறவேண்டும் என்பது சட்டம். இங்கும் அவ்வாறே.

எங்கள் ஊரில் வழக்கு கேட்பதும் கதை கேட்பதும் ஒரே மன்றத்தில். நடுவில் ஒரு மணி தொங்குகிறது. மணி திறந்திருந்தால் வழக்கு. மஞ்சள் துணியால் மூடியிருந்தால் கதை. திறந்த மணியின் கீழ் ஏறிய ஏட்டை அழிக்க அரசருக்கும் உரிமையில்லை. இந்த முறை, கதை தொடங்குவதற்கு முந்தைய நாளே துணி வெளுக்கப் போயிருந்தது. கதை கேட்க வருபவர் எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

கதை சொன்னவர் காரிநங்கை. கதை எங்கே திரும்பவேண்டும் என்பதைக் கேட்பவர்களே முடிவு செய்வது அவர் வழக்கம். குடங்களை வைப்பார். ஆளுக்கொரு குன்றிமணி இடவேண்டும். எந்தக் குடத்தில் மிகுதியோ அந்த வழியில் கதை போகும்.

நொச்சியன் இரண்டாம் நாள் பிற்பகல் மன்றத்துக்குள் நுழைந்தான். கதைக்காக அல்ல, நிழலுக்காக. அப்போது பொற்சாத்தன் பாயசத்தில் நஞ்சு உண்டு இறந்திருந்தான். இளைய மனைவி, மருத்துவர், சமையல்காரன் என மூவர் மீது ஐயம். அந்த மூவராக நிற்கக் காரிநங்கை கூட்டத்திலிருந்து ஆள் தேடினார். நொச்சியன் கைகளில் உப்பின் வெண்மை படிந்திருந்தது.

"அண்ணே, கையில மாவு ஒட்டியிருக்கே, நீங்கதான் சமையல்காரர், வாங்க" என்றார்.

"எனக்குக் கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாதும்மா" என்றான் நொச்சியன்.

"அப்ப நஞ்சு வைக்கத் தோதான ஆளுதான்" என்றது கூட்டம்.

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். இருபது ஆண்டாக ஊர் ஊராக உப்பு விற்றவன். மக்கள் அவன் படியைப் பார்ப்பார்கள்; முகத்தைப் பார்த்ததில்லை. அன்று நானூறு பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் எவரும் கேட்காமலே அவன் அழுதான். பொற்சாத்தன் தன் சோற்றைக் குறை சொன்னதாகச் சொந்தமாக ஒரு பகையையும் சேர்த்துக்கொண்டான். நான்காம் நாள் மூவர் முன்னும் குடம் வைத்தார்கள். சமையல்காரன் குடம் வழிந்தது. அவனே கொன்றான் என்று எவரும் நம்பவில்லை. அவன் அழுகை நன்றாயிருந்தது, அவ்வளவே.

ஆரவாரம் எழுந்தது. நொச்சியன் வணங்கினான். அப்போது எழுத்தர் அண்ணாந்து பார்த்தார். மணி திறந்திருந்தது. எழுத்தர் கடமை தவறாதவர். காவலர் வந்து கையைக் கட்டினார்கள். இதுவும் கதையில் உள்ளதென்று எண்ணி நொச்சியன் இன்னொருமுறை வணங்கினான். சிறைக்கதவு மூடி, கைதட்டல் கேட்காதபோதுதான் அவனுக்கு விளங்கிற்று.

நகர்க்காவலர் தலைவர் ஏறனார் சும்மா இருக்கவில்லை. கதையில் வரும் மாளிகையின் நீள அகலங்களைக் கேட்டறிந்து, அதற்குள் காலடித் தடம் தேடினார். நொச்சியன் வண்டியிலிருந்து வெள்ளைத் தூளைக் கைப்பற்றி, நாவில் வைத்துப் பார்த்து, இது உப்புச் சுவையுள்ள அரிய நஞ்சு என்று அறிக்கை தந்தார். தீர்ப்பிலிருந்து ஏழாம் நாள் தலை கொய்யவேண்டும் என்று முடிவாயிற்று.

விடுதலைக்கு எங்கள் சட்டத்தில் இரண்டே வழி. இறந்தவன் உயிரோடு வரவேண்டும். அல்லது உண்மையில் கொன்றவன் அகப்படவேண்டும். தங்கள் ஓலை வந்த அன்று அமைச்சர் முதல் வழியை முயன்றார். திறந்த மணியின் கீழேயே கதையைத் தொடர்ந்து, பொற்சாத்தன் மயங்கியிருந்தானேயன்றி இறக்கவில்லை என்று கூறுமாறு காரிநங்கையைக் கேட்டுக்கொண்டார். அவர் கூறினார். பிழைத்தான், இறந்தான் என இரண்டு குடங்கள் வைத்தார். ஓர் ஆளின் தலை இதில் இருக்கிறது என்றும் சொன்னார்.

முன்வரிசை வெற்றிலைக்காரி எழுந்தாள். "செத்தவன் எந்திரிச்சு வந்தா அது ஒரு கதையா? நாலு நாளு கடைய மூடிட்டு உக்காந்திருக்கேன்."

"பாவம், அந்த மனுசன்" என்றார் பக்கத்தில் ஒருவர்.

"பாவந்தான். அதுக்காகக் கதையக் கெடுக்கலாமா?"

பிழைத்தான் குடத்தில் முப்பத்தொன்று. காரிநங்கை எண்ணி முடித்து நொச்சியனைப் பார்க்க மாட்டாமல் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நொச்சியன் ஒரு தூணருகே கட்டுண்டு நின்றான். மறுநாள் அவனுக்கு ஏழாம் நாள். கூட்டத்தின் மேல் அவனுக்குச் சினம் வரவில்லை. தானும் அங்கே அமர்ந்திருந்தால் எந்தக் குடத்தில் இட்டிருப்போம் என்று நினைத்தான். விடை அவனுக்குப் பிடிக்கவில்லை.

தலை இழப்பவன் தன் வழக்கின் ஏடுகளில் ஏதேனும் ஒன்றைப் படிக்கக் கேட்கலாம் என்பது எங்கள் வழக்கம். பெரும்பாலோர் தம் பெயர் வரும் ஏட்டைக் கேட்பார்கள். எழுத்தர் அதை எடுத்து வைத்திருந்தார்.

"அது வேண்டாஞ்சாமி. முதல் ஏட்டப் படிங்க" என்றான் நொச்சியன்.

"அதில் நீ இல்லையே."

"இல்லதான். நான் ரெண்டாம் நாளுல்ல வந்தேன். ஆரம்பமே தெரியாமச் சாகணுமா?"

மன்றம் சிரித்தது. அரசரும் சிரித்து இசைந்தார். எழுத்தர் படித்தார்:

"பொற்சாத்தன் மணம் முடிப்பதா, கப்பலேறுவதா, இறப்பதா என்று காரிநங்கை கேட்டார். மணக்குடத்தில் ஒன்பது. கப்பல் குடத்தில் மூன்று. சாவுக்குடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் முதல் குன்றிமணி அரசருடையது. பொற்சாத்தன் இறக்கவேண்டும் என்று அவை முடிவு செய்தது."

எவரும் சிரிக்கவில்லை.

நொச்சியன் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "அப்ப நான் வர்றதுக்கு முன்னாடியே நீங்கல்லாம் சேந்து அவன முடிச்சிட்டீங்களா?" என்றான். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. கதை புரிந்தவனின் குரல்.

ஒருவர் பின் ஒருவராக மன்றத்தில் அனைவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணி திறந்தே இருந்தது.

உண்மையில் கொன்றவர்கள் அகப்பட்டுவிட்டபடியால் நொச்சியன் அப்போதே விடுவிக்கப்பட்டான். கொன்றவர்களுள் அரசர், ஏறனார், எழுத்தர், தலை கொய்பவர், வெற்றிலைக்காரி ஆகியோர் உளர். இவ்வோலை எழுதும் அமைச்சரும் உளர். அவரும் சாவுக்குடத்திலேயே இட்டார். திருமணக் கதைகள் அவருக்கு அலுத்துவிட்டன. காரிநங்கை கேள்வி மட்டுமே கேட்டவர்; எந்தக் குடத்திலும் இடவில்லை.

மற்றைக் குடங்களில் இட்ட பன்னிருவரே இப்போது நாட்டை ஆள்கிறார்கள். அவர்களுள் எழுவர், அன்று சாவுக்குடம் என்று எண்ணியே கண்ணயர்ந்து குடம் மாறி இட்டதாகச் சொல்ல வாயெடுத்தார்கள். எழுத்தர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கடமை தவறியது அந்த ஒருமுறைதான்.

நானூற்றுப் பன்னிருவருக்கும் ஏழாம் நாள் வருகிறது. அரசரே குற்றவாளியான வழக்கில் மட்டும் மூன்றாம் வழி ஒன்று உண்டு: இக்குற்றம் படியாத முடியரசர் ஒருவர் மன்னித்தால் மணி அதை ஏற்கும். அருகில் அத்தகையவர் தாங்களே. எனவே இவ்வோலையை நொச்சியன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறோம். அவன் வண்டியையும் காளைகளையும் நஞ்சென்று கைப்பற்றிய உப்பையும் குறைவின்றித் திருப்பியிருக்கிறோம். அவனை எல்லைக்காவலர் எவரும் ஒருகணமும் நிறுத்தலாகாது என்பது பன்னிருவர் கட்டளை.

ஓலையோடு குன்றிமணி ஒன்று முடிந்து வைக்கப்பட்டிருக்கிறது. மன்னிப்பதாயின் அதைத் திருப்பி அனுப்புக. இல்லையாயின் வைத்துக்கொள்க. இவ்வழக்கு எப்படி முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தங்கள் அவையில் பேச்சு எழக்கூடும். எப்படி முடிந்தால் நன்றாயிருக்கும் என்பது எங்களுக்கும் தெரிகிறது. ஆயினும் தாங்கள் முடிவு செய்யும்போது அரசராக இருந்து முடிவு செய்க. கதை கேட்பவராக இருந்து அல்ல.

மணிக்குக் கீழே, பன்னிருவர் கைந்நாட்டோடு, அரச முத்திரை இன்றி முடிந்தது இவ்வோலை. துணி இன்று காலை வெளுத்து வந்து சேர்ந்தது.