நான் மறைத்த நாலு மாதங்கள்

அக்கா,

அலுமாரியின் மேல்தட்டைத் துப்புரவாக்கும்போது உங்கள் கொப்பி கைக்கு வந்தது. நீல மட்டை, மடிந்த மூலை, அங்கங்கே எண்ணெய்க் கறை. உள்ளே வியாழக்கிழமை வியாழக்கிழமையாகப் பெண்களின் பெயர்கள். கானா, ஐவரி கோஸ்ட், கேப் வெர்டே என்று பல ஊர்ப் பெண்கள், ஒவ்வொருத்தியின் பெயருக்கு எதிரேயும் அவளுடைய இரத்த அழுத்தம். கடைசிக்கு முதல் வரியில் நான், கடைசி வரியில் நீங்கள். என் எண் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது. உங்களுடையது கடைசிப் பக்கத்தைத் தவிரப் பக்கம் பக்கமாக ஒன்றே: நூற்று முப்பது, எண்பது. மனித உடம்பு அப்படி இராது என்பதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை. எனக்கு எல்லாம் பிந்தித்தான் விளங்கும், உங்களுக்குத் தெரியும்தானே.

இத்தாலியில், பலெர்மோவில் ஒரே கட்டடத்தில் வேலை செய்தோம். நீங்கள் நாலாம் மாடியில் வயதுபோன வீட்டுக்கார அம்மாவை, சினோராவைப் பார்த்துக்கொண்டீர்கள். நான் இரண்டாம் மாடியில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் சமையலும் துப்புரவும். நீங்கள் கானாவில் குமாசி, நான் இலங்கையில் மன்னார். நாம் கதைத்தது இரண்டு பேருக்கும் சரியாக வராத இத்தாலியம். ஆனால் இத்தனை வருடமும் உங்கள் குரல் எனக்குள் எங்கள் தமிழில்தான் கேட்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன். நான் உங்களை அக்கா என்று கூப்பிட்டதை வைத்து, அதுதான் உங்கள் பெயர் என்று சினோராவின் மகள் கடைசிவரை நினைத்திருந்தார். நீங்களும் திருத்தவில்லை.

சினோராவுக்கு மறதி. உடுத்த சட்டையை எங்கே என்று தேடுவார், செத்துப்போன கணவருக்கும் மேசையில் தட்டு வைப்பார். அவருடைய டொக்டர் தினமும் பிரஷர் பார்க்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்துக் கேட்கும் விதத்தை உங்களுக்குப் பழக்கினார். நீங்கள் பழகியதோடு விடவில்லை. ஏன் பார்க்கவேண்டும், அதற்கும் மறதிக்கும் என்ன தொடர்பு என்று அவரைக் குடைந்து எடுத்தீர்கள். உங்கள் அம்மாவும் மூத்த சகோதரியும் அறுபது வயதுக்கு முன்னரே பாரிசவாதத்தில் விழுந்தவர்கள். ஊரில் அதற்குச் செய்வினை என்று பெயர் வைத்தார்களாம். டொக்டர் சொன்னதைக் கேட்டபிறகுதான் உங்களுக்குக் கோபம் வந்தது.

"எங்கட கறுப்புப் பெண்டுகளுக்குப் பிரஷர் கெதியா வரும், சத்தமில்லாமல் வரும். தலைக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன நரம்பையெல்லாம் அரிச்சுப்போடும். இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றீர்கள்.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரர் எல்லாருக்கும் ஓய்வு. அந்த ஓய்வில்தான் கோயில் பங்கு மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு எல்லாருக்கும் பிரஷர் அளந்தீர்கள். உப்பு இறங்க, உப்புமீனை மூன்று தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னீர்கள். அளந்து முடிந்ததும் வுச்சீரியாச் சந்தைக்குள்ளால் கடற்கரைவரை நடக்கவைத்தீர்கள். வழியில் மீன் பேரம் பேச நிற்பவளைக் கையில் பிடித்து இழுத்தீர்கள். மூளைக்கும் வேலை வேண்டும் என்று வாரம் ஒருத்தி தன் மொழியில் எதையாவது பாடமாக்கித் தரவேண்டும். என் முறை வந்தபோது எண்களைச் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு பெண்கள் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சத்தமாகச் சொல்ல, புதுச் செபமாக்கும் என்று பாதிரியார் எட்டிப் பார்த்தார். முதலில் பிழையில்லாமல் பத்துவரை சொன்னது நீங்கள்.

சினோராக்கள் நம்மைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல் உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் பலசாலிகள், உங்களுக்கு ஒன்றும் வராது என்பார்கள். புகழ்ச்சி மாதிரிச் சொல்லிவிட்டு இன்னொரு பெட்டியைத் தூக்கத் தருகிறார்கள் என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனால் உங்களைப் பற்றி நானும் அதையேதான் நம்பியிருந்தேன்.

ஒரு மாரிகாலத்தில், தமிழில் பத்துவரை எண்ணும்போது நீங்கள் ஆறோடு நிற்கத் தொடங்கினீர்கள். பக்கத்தில் இருந்த நான் "ஏழு" என்று மெல்லச் சொல்லுவேன், நீங்கள் பிடித்துக்கொண்டு போவீர்கள். களைப்பு என்று நினைத்தேன். பிறகு ஒரு காலை படிக்கட்டில் என்னை மறித்து, சினோராவுக்கு நீங்கள் குளிசை கொடுத்துவிட்டீர்களா என்று என்னிடமே கேட்டீர்கள். மேலே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். முதல்நாள் இருமுறை கொடுத்திருந்தீர்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு இயலாவிட்டால் மற்றவள் அவளுடைய வேலையையும் சத்தமில்லாமல் செய்துவிடுவாள், வீட்டுக்காரருக்கு மூச்சு விடமாட்டோம். காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அப்படிச் செய்தோம். உங்கள் மறதிக்கும் நான் அதையே செய்தேன். காலையில் என் வேலை தொடங்குமுன் நாலாம் மாடிக்கு ஏறி, அன்றைய குளிசைகளைக் கோப்பிக் கிண்ணத்தில் போட்டு வைப்பேன். கிண்ணம் வெறுமையானால் கொடுத்தாயிற்று. ஆனியில் உங்கள் வதிவிட அனுமதியை, பெர்மெசோவை, புதுப்பிக்கவேண்டும், அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். வேலை போனால் குமாசியில் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகளின் படிப்பும் நின்றுவிடும். இதையெல்லாம் நினைத்துத்தான் மறைத்தேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது.

நாலு மாதம் போயிற்று. ஒரு வியாழன் நீங்கள் மண்டபத்துக்கு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தால் வழக்கறிஞரின் மனைவி வாசலில் நிற்கிறார்: நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் இருந்து யாரோ ஒரு பெண் போன் எடுத்தாளாம், உங்கள் கைப்பையில் இருந்த என் நம்பரைப் பார்த்து. பிரான்காச்சோவில் தோழியைப் பார்க்கப் புறப்பட்ட நீங்கள், வேறு பஸ் ஏறி, தோட்டங்களுக்கு நடுவில் இறங்கியிருந்தீர்கள். நான் போனபோது பழப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துகொண்டு மண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"தோட்டம் பாக்க வந்தனான்" என்றீர்கள்.

எனக்கு அதற்குமேல் நடிக்க முடியவில்லை. "அக்கா, உங்களுக்கு மறதி வந்திட்டுது. எனக்கு நாலு மாசமாத் தெரியும். நான்தான் மறைச்சனான்."

உரித்த பழத்தை மடியில் வைத்தீர்கள்.

"சினோரா மறக்கத் தொடங்கேக்க எத்தினையாம் நாள் டொக்டரிட்டச் சொன்னனாங்கள்?"

"அடுத்த நாள்."

"எனக்கு மட்டும் நாலு மாசமோ?"

எல்லாருக்கும் அளந்தீர்களே, உங்களுக்கு யார் அளந்தது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றீர்கள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கத் தெரிந்தது உங்களுக்கு மட்டும். உங்கள் கையில் நீங்களே ஒரு தடவை அளந்து பார்த்துப் பயந்துபோய், அதன்பிறகு நல்ல எண்ணாக ஒன்றை எழுதி வந்திருக்கிறீர்கள். உண்மையை எழுதினால் மற்றப் பெண்கள் வராமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தீர்களாம். நான் ஒரு பக்கம் மறைக்க, நீங்கள் ஒரு பக்கம் மறைத்திருக்கிறீர்கள்.

அடுத்த நாள் டொக்டர் ஒரு கையில் அளந்துவிட்டு, நம்பாமல் மற்றக் கையிலும் அளந்தார். தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் சின்னச் சின்ன அடைப்புகளின் பழைய தடங்கள் இருந்தன. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று குளிசை எழுதினார். சினோராவின் மகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அவரில் குறை சொல்லமாட்டேன், என் தாய்க்கு இருமுறை குளிசை கொடுத்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். பெர்மெசோ முடியுமுன் ஊருக்குப் போக நீங்களே முடிவெடுத்தீர்கள். போகுமுன் கொப்பியை என்னிடம் தந்து, எனக்கு ஸ்டெதஸ்கோப்பில் கேட்கப் பழக்கினீர்கள். நான் முதன்முதலில் அளந்தது உங்கள் கையைத்தான். உங்கள் வரியில் சரியான எண்ணை எழுதும்வரை பேனையைக் கீழே வைக்கவில்லை நீங்கள்.

குமாசியில் பத்து வருடத்துக்குமேல் இருந்தீர்கள். மகள் தாதியாகி உங்களைப் பார்த்துக்கொண்டாள். நீங்கள் கண்மூடும்வரை அவளை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள் என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை வாசித்துக் குசினியில் நின்று அழுதேன். நாலு மாதம் முன்னரே சொல்லியிருந்தால் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஒரு டொக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதுதான் எனக்குப் பாரம். உங்களிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை, அக்கா. இப்போது கேட்கிறேன்.

மண்டபத்தில் பிறகும் சில வருடம் அளந்தேன். கண்டதை அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் வந்தது. அதனால் இரண்டு மூன்று பேர் என்னோடு கதைப்பதில்லை. என் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன்.

போன மாதம் சமைத்துக்கொண்டிருக்கும்போது மகளுக்கு ஏதோ கதை சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இதை நேற்றும் சொன்னீங்கள். இதே மாதிரி, இதே இடத்தில நிண்டு."

எனக்குப் பொல்லாத கோபம். வாயை மூடு என்றேன். அவள் மூடவில்லை. அங்கேயே நின்று டொக்டருக்குப் போன் எடுத்து நாள் குறித்தாள். அன்று முழுக்க அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. படுக்கப் போகும்போதுதான் யோசித்தேன். சொன்னது நோகத்தான் செய்கிறது. ஆனால் என் மகள் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை, அக்கா.