நான் எழுதிய மூன்று

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றிலிருந்து புதுப் படிவம். புற்றுநோய்ப் பிரிவில் மருந்தேற்ற வருகிற ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி. அசதி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். நடக்க முடிகிறதா? வேலை செய்ய முடிகிறதா? தூங்கி எழுந்தால் குறைகிறதா? எண் ஏழைத் தொட்டால் சிவப்பு ஸ்டிக்கர். டாக்டர் பரிசோதிக்காமல் மருந்து ஏற்றக் கூடாது. ஆளுக்கு இரண்டு நிமிடம். எனக்கு மட்டும் நாற்பத்திரண்டு பேர்.

யாருக்கு எண் வருகிறது? "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா" என்கிறார் ஒருவர். அது ஆறா, எட்டா? இன்னொருவர், "பத்து வாங்கினா பாஸா சிஸ்டர்?" என்றார். வரிசையே சிரித்தது. நானும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதிமூன்று சிவப்பு ஸ்டிக்கர். டாக்டருக்குச் சாப்பிடப் போகக்கூட நேரமில்லை. தலைமை நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு, "ஏழெல்லாம் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றாள். பார்த்து என்றால்? நான் கேட்கவில்லை. புரிந்துவிட்டது, அதனால் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

கணக்கு டீச்சர் வந்திருந்தார். என் மகளுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். மார்பில் கட்டி, இது நான்காவது தடவை மருந்து. பக்கத்தில் கணவர். நான் டீச்சரைப் பார்த்துக் கேட்கிறேன், பதில் அவரிடமிருந்து வருகிறது. "நல்லாத்தான் இருக்கா. நேத்துகூட துணி துவைச்சா. மூணு போடுங்க."

டீச்சர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னையே பார்த்தார். உதடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. பின்னால் பதினாறு பேர் நிற்கிறார்கள் –

மூன்று என்று எழுதினேன்.

மார்ச் 18, செவ்வாய்

டீச்சர் இன்று தனியாக வந்தார். "தேதி நாளைக்குன்னு அவர்கிட்ட பொய் சொல்லிட்டு வந்தேன் சிஸ்டர். எழுதிக்கோங்க, ஒன்பது. இருபத்தாறு வருஷமா எண்ணு சொல்லிக் குடுக்கறவ, தப்பா சொல்ல மாட்டேன். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. மல்லாந்து படுக்க முடியல."

ஒன்பது எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். டாக்டர் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நின்றபடியே படிவத்தைப் புரட்டினார். "போன தடவை மூணு, இப்ப ஒன்பதா? கேன்சர்னா அசதி இருக்காதா? பயத்துல சொல்றாங்க." ஒன்பதை அடித்து, மேலே ஆறு என்று எழுதினார். ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். "போன தடவை நான்தான் சார் –" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மருந்தை ஏற்றியது நான்.

மார்ச் 22, சனி

டீச்சர் வீட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். தீவிர சிகிச்சையில் சேர்த்திருக்கிறார்கள். மருந்து இதயத்தைக் கெடுத்திருக்கிறது. மூச்சு வாங்கியதும் அந்த அசதியும் அதனால்தான்.

கணவர் வராந்தாவில் என்னை மறித்து, "நல்லாத்தானே சிஸ்டர் இருந்தா?" என்கிறார். என்ன மனுஷன்யா நீ! ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. சரி, என்னை யாரு அறையறது?

மார்ச் 23, ஞாயிறு

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "நர்ஸ் தப்பா எழுதி, அவங்களே திருத்தியிருக்காங்க" என்றார் டாக்டர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். தலைமை நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன்பது டீச்சர் சொன்னது. ஆறு டாக்டர் எழுதினது. அதுக்கு முந்தின தடவை மூணு. வீட்டுக்காரர் சொன்னாரு, டீச்சரைக் கேக்காம நான் எழுதினேன்." குறிப்பெடுத்தவர் கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர், "அந்த மூணை எதுக்கு நீயே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்ட?" என்கிறார். சொல்லாமல் விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனா? தெரியவில்லை. இப்போதும் நிம்மதி இல்லை.

ஏப்ரல் 16, புதன்

ஆணை வந்துவிட்டது. நாளை முதல் எனக்குக் கோப்பு அறை. டாக்டருக்கு அறிவுரை. அப்படியும் ஒரு தண்டனை இருப்பது இன்றுதான் தெரியும்.

மே 2, வெள்ளி

டீச்சர் பிழைத்துக்கொண்டார். இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். இனிப் பள்ளிக்கூடம் போக முடியாது. என் இடத்துக்கு வந்த நர்ஸ் சொன்னாள். கூடவே ஒரு சேதி: போன மாதம் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லையாம். பிரிவுக்குப் பாராட்டுக் கடிதம்.

ஜூன் 12, வியாழன்

டீச்சரும் கணவரும் கோப்பு அறைக்கு வந்தார்கள். வேறு மருத்துவமனைக்கு மாறுகிறார்கள், எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். "இவளுக்கு இப்ப எவ்வளவோ தேவல –" என்று கணவர் ஆரம்பித்தார்.

"நீங்க வெளிய உக்காருங்க" என்றார் டீச்சர். சத்தம்கூடப் போடவில்லை. அவர் போனார்.

டீச்சர் கையெழுத்துப் போடுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். இத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

"அன்னைக்கு என் முகத்தைப் பாத்தீங்கல்ல சிஸ்டர்?"

"பாத்தேன் டீச்சர்."

"பாத்துட்டுதான் எழுதினீங்க."

"ஆமா."

தலையசைத்தார். நான் எண்ணிக் கட்டிக் கொடுத்த நகல்களைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து தானே ஒருமுறை எண்ணினார். அப்புறம்தான் எழுந்தார்.