தெரிஞ்சவர்

அரியாங்குப்பம்,
புதுச்சேரி,
19 ஜனவரி 2025

அன்புள்ள கார்குழலிக்கு,

போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே நம்ம ரெண்டு பேருக்கும் குரல் ஏறிடுது. அதனால எழுதறேன். எழுத்துக்குச் சத்தம் கிடையாது இல்ல?

பொங்கலுக்காவது நீ வருவேன்னு வீடெல்லாம் ஒட்டடை அடிச்சேன். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி அக்கா, "என்னா தம்பி, அது வருதா?"ன்னு கேட்டுச்சு. "பரீட்சைக்குப் படிக்குது"ன்னேன். மூணு வருஷமா அதே பதில்தான்.

சமையல்ல கொஞ்சம் தேறிட்டேன். புளிக்குழம்பு வெக்க வருது. உப்பு மட்டும் நேத்து மாதிரி இன்னிக்கு இருக்க மாட்டேங்குது.

மேட்டுப்பாளையம் இரும்புக் கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பினா சில நாள் வண்டி தானா மூலக்குளம் பக்கம் வந்துடுது. உங்க அக்கா தெருமுனைக் கடையில ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பிடுவேன். உன்னப் பாத்ததில்ல. மாடியில காயற துணியத்தான் பாத்தேன். அந்தப் பச்சைப் புடவை புதுசா?

சைக்காலஜி இன்னும் எவ்ளோ பாக்கி? முடிஞ்சதும் வந்துடு.

உன்
பலராமன்


மூலக்குளம்,
27 ஜனவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

பச்சைப் புடவை தனக்கொடி அக்காவோடது. டீக்கடை வரைக்கும் வந்தவர் கதவைத் தட்டியிருக்கலாம்.

வகுப்புல நான்தான் மூத்தவ. இருபத்தெட்டு வயசுல முதல் வருஷம் சேர்ந்தா அப்படித்தானே? புள்ளைங்க எல்லாம் அக்கான்னு கூப்பிடுதுங்க. பக்கத்துல உக்கார்ற ஜிஸ்லேனோட அப்பா அம்மா பிரான்ஸ்ல இருக்காங்க. மனசு சரியில்லன்னா என் தோள்லதான் சாஞ்சுக்குவா. அவ பேசறதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போது, இதுக்குத்தான் நான் பொறந்தேன்னு தோணும்.

எனக்கு சீட்டு கிடைச்ச அன்னிக்கு உங்க சிநேகிதங்க எதிர்ல என்ன சொன்னீங்க? "ஊர்ல இருக்கற பைத்தியத்துக்கெல்லாம் இனிமே என் பொண்டாட்டிதான் வைத்தியம்." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்படிச் சிரிச்சதுதான் இன்னும் ஆறல. மறுநாள் காலேஜுக்குப் போகக் கூடாதுன்னு வாசல்ல நின்னீங்க. அதுக்கப்புறம் நான் எங்க போவேன், அக்கா வீட்டைத் தவிர?

சண்டைக்காக எழுதல. ஒண்ணு கேக்கணும். மார்ச்சுல பிராக்டிகல் பரீட்சை. ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, அவங்களை உக்கார வெச்சு ஒரு சோதனை நடத்திக் காட்டணும். ஊசி, மருந்து எல்லாம் இல்ல, பயப்படாதீங்க. ஜிஸ்லேன் அவ அண்ணனைக் கூட்டிட்டு வர்றா. எனக்கு யாரைக் கேக்கலாம்னு யோசிச்சா உங்க முகம்தான் வந்துச்சு. வருவீங்களா?

கார்குழலி


அரியாங்குப்பம்,
4 பிப்ரவரி 2025

அன்புள்ள கார்குழலிக்கு,

வரேன். அரை நாள் லீவு சொல்லியாச்சு. சூப்பர்வைசர் கிருஷ்ணசாமி, "உங்கிட்ட சோதிக்க என்னய்யா இருக்கு?"ன்னு கேக்கறார்.

எனக்கும் அதான் கவலை. நம்ம விஷயம் ஏதாச்சும் கேப்பாங்களா? என்ன சொல்லணும்னு முன்னாடியே எழுதிடு. நான் உளறி உன் மார்க்கு போயிடக் கூடாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கவா?

உன்
பலராமன்


அரியாங்குப்பம்,
16 மார்ச் 2025

அன்புள்ள கார்குழலிக்கு,

பரீட்சையில என் கையை மறைச்சு வெச்சு, எதிர்ல இருந்த கண்ணாடியில மட்டும் பாத்து நட்சத்திரம் வரையச் சொன்ன. மேல போகணும்னு நெனச்சா கை கீழ போவுது. இரும்பையே அளந்து வெட்டற கை, ஒரு பென்சிலுக்கு இப்படித் திணறுமா? நீ, "அவசரமில்ல, நிதானமாப் போங்க"ன்ன. அந்தக் குரலைக் கேட்டு எவ்ளோ நாளாச்சு.

அதுக்கு முன்னாடி பேரு, வயசு, படிப்பெல்லாம் கேட்டு எழுதின. "திருமணம் ஆனவரா?"ன்னு கேட்ட. "ஆமா"ன்னேன். நீ நிமிராமலே எழுதின.

அப்புறம் அந்த எக்ஸாமினர் அம்மா வந்து, "இவர் உங்களுக்கு யாரு?"ன்னாங்க. நீ, "தெரிஞ்சவர்"னு சொன்ன.

வெளிய வந்ததும் உனக்காக நிக்காம வண்டிய எடுத்துட்டேன். ஆத்துப் பாலத்துல கொஞ்ச நேரம் நின்னேன். கோவம் வரும்னு பாத்தேன். வரல. அழுகைதான் வந்துச்சு.

பரீட்சைதான் முடியப் போவுதே. வந்துடு.

பலராமன்


மூலக்குளம்,
8 ஜூன் 2025

அன்புள்ள உங்களுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததுக்குக் கோவிச்சுக்காதீங்க. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

வீட்டுக்காரர்னு சொல்ல வாயைத் திறந்திருந்தா அங்கயே உடைஞ்சிருப்பேன். அதான் அப்படிச் சொன்னேன். உங்களைக் கழிச்சுக் கட்ட இல்ல.

நட்சத்திரத்தோட முனையில கை மாட்டிக்கிட்டப்ப நீங்க நிமிர்ந்து, "இப்ப எந்தப் பக்கம் போகட்டும்?"னு என்னைக் கேட்டீங்க. நான் சொல்லக் கூடாது, அதான் விதி. ஆனா வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு தடவையாவது எந்தப் பக்கம்னு என்னைக் கேட்டிருக்கீங்களா?

அந்த மேசைக்கு எதிர்ல உக்காந்திருந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அவர் கூட இருக்கணும்னு ஏக்கமா இருக்கு. அவர் அரியாங்குப்பத்து வீட்டுல இருக்காரான்னுதான் தெரியல.

எம்.எஸ்சி.க்குக் கோயம்புத்தூர்ல இடம் கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். 22-ம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில ஏழரை மணிக்கு பஸ். அனுமதி கேக்கல, சேதி சொல்றேன். சொல்லாமப் போக மனசு வரல.

கார்குழலி


அரியாங்குப்பம்,
12 ஜூன் 2025

அன்புள்ள கார்குழலிக்கு,

அந்த மனுஷன் இங்க இருக்கானான்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சில நாள் இருக்கான். கோவம் வந்தா எங்கயோ போயிடறான். முழுசா இருக்கான்னு பொய் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு மனசில்ல.

போய்ப் படி. வந்துடுன்னு இந்தத் தடவை எழுதல. எழுத வந்த கையை நிறுத்திட்டேன்.

கோயம்புத்தூர்ல மழை தொடங்கியிருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ.

ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரட்டுமா? பெட்டிய ஏத்தி விட்டுட்டு ஜன்னலுக்குக் கீழ நிப்பேன், அவ்ளோதான். வேணாம்னா ஒரு வரி எழுதிப் போடு.

ஒண்ணும் எழுதலன்னா வரேன்.

பலராமன்