ஸ்டியரிங் இல்லாத வண்டி

அன்பு மகள் மேரிசெல்விக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை அருண்ராஜும் பாப்பாவும் அந்தத் தூர தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி வேண்டுதல். மழை பிடித்துக்கொண்டது, உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை இல்லாமல் அப்பா மூட்டு வலியோடு வீட்டில்தான் இருக்கிறார். நான் மட்டும் கீழ்புத்துப்பட்டு ரிசார்ட்டுக்கு அறை சுத்தம் பண்ணப் போய் வருகிறேன்.

போன ஞாயிறு வீடியோ அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாயே, புல் வெட்டுகிற வண்டி. கடையில் மாப்பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிறார், ஸ்டியரிங்கே இல்லை, இரண்டு கைப்பிடிதான், நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, மடியில் பாப்பா சிரிக்கிறாள். அதே வீடியோவில் உங்கள் வீட்டுப் பின்பக்கத்தையும் காட்டினாய், குளம் வரைக்கும் சரிந்து இறங்குகிற புல்தரை. இதை வாங்குவதா, ஸ்டியரிங் வைத்ததை வாங்குவதா, நீயே சொல்லும்மா என்று விளையாட்டாய்க் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லை தங்கம், போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி பிரபாகரன் போனபோது உன்னால் வர முடியவில்லை, நாங்களும் டிராக்டர் கவிழ்ந்தது என்று மட்டும்தான் சொன்னோம். அன்றைக்கு அப்போதுதான் மழை விட்டிருந்தது. உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு கரை மேல் வந்தான், ஓரம் இளகியிருந்தது, சக்கரம் வழுக்கி வண்டி அப்படியே வாய்க்காலில் புரண்டது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மேரி, அதில்தான் குப்புறக் கிடந்தான். வண்டியைத் தூக்க ஆள் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பார்த்தது அவன் முதுகை மட்டும்தான், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

உன் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவன் வருகிறான். துணி துவைக்கும்போது பின்னால் வந்து நிற்கிறான். திரும்பினால் யாரும் இல்லை, மழை இல்லாத நாளிலும் அந்த இடம் மட்டும் ஈரமாக இருக்கிறது.

எங்கள் ரிசார்ட்டிலும் அதே மாதிரி வண்டி ஒன்று இருக்கிறது, சக்கரபாணி என்பவர் ஓட்டுகிறார். மனசு கேட்காமல் வீடியோவை அவரிடம் காட்டினேன். "சமதரைக்கு இத அடிச்சிக்க முடியாதுக்கா, மரத்தச் சுத்தி அழகா வெட்டும். சரிவுல, அதுவும் ஈரப் புல்லுல வழுக்கிச்சுன்னா புடிச்சித் திருப்ப முடியாது, முன்சக்கரம் அது பாட்டுக்குப் போவும்" என்றார். குளம் வந்த இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "இந்த வூட்டுக்கு இது வேணாங்க்கா" என்றார். அப்புறம் எனக்காக ஓட்டிக் காட்டினார். வண்டி அந்தப் பக்கம் திரும்பியபோது சீட்டில் சக்கரபாணி இல்லை. அதே நனைந்த சட்டை, அதே முதுகு. நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக அவன் பெயரையே எடுக்காத மனுஷன். "எனக்கு டிராக்டர் சத்தம் கேக்குது. இந்த மழையில அளத்துல யாரு வண்டி ஓட்டுறான்? பிரபா வர்றான்னு கதவத் தொறந்து வெச்சிக்கினு நிக்கிறேன்" என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இதை மறைத்து வைத்திருந்திருக்கிறோம்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். ஸ்டியரிங் வைத்த வண்டியையே பாருங்கள், அதுவும் அந்தச் சரிவுக்குத் தாங்குமா என்று கடைக்காரரை வீட்டுக்கு அழைத்துத் தரையைக் காட்டிக் கேளுங்கள். ஈரம் காயாமல் ஓட்ட வேண்டாம். பாப்பாவை மடியில் வைக்கவே கூடாது, வண்டி ஓடுகிறபோது அவள் வீட்டுக்குள் இருக்கட்டும். இதை அம்மாவின் பயம் என்று தள்ளிவிடாதே. மூன்று பேருக்கும் மாதா குடை பிடிக்கட்டும், வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

உன் அம்மா,
அந்தோணியம்மாள்,
மரக்காணம்.

அப்பா குழந்தைசாமி எழுதுவது. அம்மா எழுதியதைப் படித்தேன். குளத்தோரம் எந்த வண்டியும் போக வேண்டாம்மா. அங்கே புல் வளர்ந்தால் வளர்ந்துவிட்டுப் போகட்டும்.