உதட்டைக் குவித்து ஒரு சத்தம்

ஜூலை 14, ஞாயிறு
விடிந்ததிலிருந்து மழை. மின்சாரம் இல்லை. துவைத்தவை எதுவும் காயவில்லை. உள்கொடியில் அவருடைய லுங்கிகள் இரண்டு. எதற்குத் துவைத்தேன் என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு மா கின் வந்து என் போனில் எதையோ தட்டிய பிறகு மகள் தேவகியின் குரல் வந்தது. ஆப்பிரிக்காவில், மலாவியில் கண் முகாம், தொண்டர் குழுவில் இவள் நர்ஸ். அப்பாவின் தலைத் திவசத்துக்கு வந்துவிடுவதாகப் பேச்சு. ஆண்பிள்ளை இல்லாத வீடு. எள்ளும் தண்ணீரும் தானே விடுவதாகச் சொல்லித்தான் போனாள்.

"அம்மா, நீ திட்டப்போற. நேத்து குழுவோட டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் திரும்பியே பாக்கல. நான் அப்பா மாதிரி உதட்டைக் குவிச்சு சத்தம் குடுத்துட்டேன். நம்மூர்ப் பழக்கம், தன்னால வந்துடுச்சு. அவருக்கு அறுபது வயசிருக்கும். தட்டைக் கீழ போட்டுட்டாரு. பொண்டாட்டி கரண்டியோட வெளிய வந்து, யாரு என் புருஷனுக்கு முத்தம் குடுக்கறதுன்னு..."

மீதி முழுவதும் சிரிப்பு.

இங்கே ரங்கூன் கடைகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் செய்ததில்லை. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் காதில் விழுந்தால் முழங்கால் போட வேண்டும். கையை உயர்த்திக் கூப்பிடுங்கள் என்று அவரிடம் எத்தனை வருடம் சொன்னேன். "உன் கைய யாரு பாக்கறா?" என்பார். இன்னும் உரக்கச் செய்வார்.

அவர் போன பிறகு தே. சிரித்து இன்றுதான் கேட்கிறேன். பேட்டரி தீரும்வரை போட்டுக் கேட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்
மழை விட்டு விட்டு. கடைத்தெரு. எள், பச்சரிசி, வாழைக்காய் (முற்றல், திருப்பிக் கொடுத்தேன்). தர்ப்பை கோயிலில் தருவார்களாம்.

கோயில் ஐயர்: "பொண்ணு வந்துரும்லம்மா?"
"வந்துவிடுவாள்" என்றேன்.

தே. அறையில் விரிப்பு மாற்றினேன். கொசுவலையில் ஒரு கிழிசல், தைத்தாயிற்று.

மாலையில் போனில் ஒரு படம். டீக்கடை அம்மாள் கண் காட்ட முகாமுக்கு வந்திருக்கிறாள். தே. அவள் கன்னத்தில் நம்மூர் மரப்பட்டைச் சாந்தான தனகாவைப் பூசி உட்கார வைத்திருக்கிறாள். பின்னால் குழு டாக்டர்கள், அவர்கள் கன்னத்திலும் தனகா. தாடிக்கார டாக்டருக்குத் தாடியிலும். நான் கொடுத்தனுப்பிய கட்டை அது. தே. அதைத் தண்ணீர் அதிகம் விட்டு அரைத்திருக்கிறாள், வழிகிறது.

படத்தில் எல்லோரையும்விடத் தே. உரக்கச் சிரிக்கிறாள். வாயைத் திறந்தால் அப்படியே அவர்.

ஜூலை 18, வியாழன்
மழை. முழங்கால் வலி. சமைக்கவில்லை, பழையதே போதும்.

மா கின் வந்து என் போனைத் தட்டினாள், தே. குரல். இம்முறை சிரிப்பில்லை.

"அம்மா, முகாம நீட்டிக்கறாங்க. என்னையும் இருக்கச் சொல்றாங்க. டிக்கெட் கையில இருக்கு. நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்துடறேன்."

மா கின்னுக்கும் தமிழ் கொஞ்சம் புரியும். பர்மியத்தில் சொன்னாள்: "ஆன்ட்டி, இந்த ராணுவ ஆட்சியில வந்தா திரும்ப வெளிநாடு போக விடுவாங்கன்னு நம்பாதீங்க. என் தம்பி பொண்ண ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னும் அழுதுகிட்டுக் கிடக்கறா."

பதில் அனுப்ப எதை அழுத்துவது என்று கேட்டுக்கொண்டு அவளை அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்தினேன். பதில் பேசிப் பதிவு செய்தேன், அழித்தேன். குரல் நடுங்கியது. நடுங்கும் குரலை அனுப்புவதாக இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி.

"திவசத்த நான் பாத்துக்கறேன். ஆரம்பிச்ச வேலைய முடி. கடைகள்ல அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம்."

உடனே பதில். "சரிம்மா."

அதில் எவ்வளவு நிம்மதி. ஒருமுறைதான் கேட்டேன்.

ஜூலை 19, வெள்ளி
தே. அறை விரிப்பை எடுத்து மடித்தேன். கொசுவலை அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 24, புதன்
திவசம். மழை இல்லை, புழுக்கம்.

ஐயர்: "பொண்ணு எங்கம்மா?"
"வேலையாக இருக்கிறாள்."
"அப்ப யாரு தண்ணி விடறது?"

கையை நீட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தர்ப்பையைக் கொடுத்தார். எள்ளும் தண்ணீரும் நானே விட்டேன். மந்திரத்தில் இரண்டு இடத்தில் அவசரப்பட்டார், நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்தேன். காக்கை வந்தது. அவருக்குப் பிடித்த வாழைக்காயைத்தான் முதலில் கொத்தியது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கியது அவர் வழக்கமாகப் போகும் டீக்கடையில். அவர் இல்லாமல் அங்கே உட்கார்ந்ததில்லை. கடைக்காரர் முதுகைக் காட்டியபடி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். கையை உயர்த்தினேன். உயர்த்தியபடியே இருந்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் டீ வந்தது.

உதட்டைக் குவித்தேன். பல்செட் இடறியது, வெறும் காற்று. மறுபடி. இந்த முறை சத்தம் வந்தது. நினைத்ததைவிட உரக்கவே.

கடைக்காரர் சட்டென்று திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

டீயில் சூடு போதவில்லை. சொல்லவில்லை.