கொடித் துணியில் ஒரு ரவிக்கை

காஜா பேராங், மலாக்கா
1944

அம்மாவுக்கு மகன் மருதமுத்து வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

நேற்று எங்கள் தையற்கடைக்குப் இந்திய விடுதலைப் படைக்கு ஆள் சேர்ப்பவர் வந்தார். "நாட்டுக்காக உசுரக் குடுக்க மாட்டியா?" என்றார்.

"எஸ்டேட்ல எங்கம்மா கோணிச்சாக்கக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இங்க வர்ற துணியெல்லாம் ஜப்பான் கொடி தைக்கவே போவுது. அவங்களுக்கு ஒரு கெஜம் குடுங்க, அப்புறம் சாவுறேன்" என்றேன். ஓர் அறை விட்டார், அவ்வளவுதான்.

தம்பியை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போய்க் கொன்றார்களே, அவன் எந்த நாட்டுக்காகச் செத்தான்?

எஸ்டேட்டுக்கு லாரியில் வரும் பொன்னையா அண்ணனிடம் உங்களுக்கு ஒரு ரவிக்கை அனுப்புகிறேன். ஜப்பான் கொடியில் வெட்டியது. சிவப்பு வட்டத்தை உள்துணியாக வைத்துத் தைத்திருக்கிறேன், வெளியே தெரியாது. நீங்கள் வறுத்த கருவாடு கொஞ்சம் அவரிடமே கொடுத்தனுப்புங்கள். வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வெறுத்துவிட்டது.

லாரி கிளம்புகிறது. துணி குறைந்தது தெரிந்தால் என் தலையை வாங்கிவிடுவார்கள். வாங்கட்டும், இதற்கென்றால் சாகலாம்.

மருதமுத்து