சிரட்டையில் ஊற்றிய களிம்பு

தெஹியோவிட்ட,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுதர்சினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி துஷ்யந்தியும் சுகம், அந்த ஜப்பான் குளிரில் நீயும் சுகமாக இருக்க முருகனைத்தான் நம்பியிருக்கிறோம். மழையால் நான்கு நாளாக ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, அம்மா வீட்டிலேயே இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், காரணம் இந்தப் பார்சலில் வரும் இரண்டு டப்பா களிம்புதான். உன்னோடு வேலை செய்கிற றஸ்மியா லீவில் வந்தவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ரப்பர் கிளவுஸ் போட்டு உன் கை வெடித்து இரத்தம் கசிகிறதாம், சோறு பிசைந்தால் எரிகிறதென்று கரண்டியால் சாப்பிடுகிறாயாம். போனில் முகத்தை மட்டும் காட்டிச் சிரித்தாயே, கள்ளி. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கும் தங்கச்சிக்கும் சின்னதிலிருந்தே வறண்ட தோல், தேங்காய் எண்ணெய் அனுப்பினால் போதும் என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. தேன் விற்கிற பண்டாவிடம் தேன்மெழுகு வாங்கி, ஐந்து கரண்டி எண்ணெய்க்கு ஒரு கரண்டி மெழுகு சீவிப் போட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். மெழுகு கூடினால் உன் ஊர்க் குளிரில் கல்லாகிவிடும் அல்லவா. வாசனைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. ஊற்ற ஏனம் தேடினால், மரத்தில் கட்டி ரப்பர் பால் பிடிக்க அம்மா கழுவிக் கவிழ்த்திருந்த சிரட்டைகள் கண்ணில் பட்டன, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று ஊற்றிவிட்டேன். முப்பது வருடம் ரப்பர் காட்டில் கிடந்தவனுக்கு வந்த புத்தியைப் பார். துஷ்யந்தி பூசிப் பார்த்தாள், கொஞ்ச நேரத்தில் கை சிவந்து தடித்துவிட்டது. "ஒங்க வைத்தியத்துக்கு எம் புள்ளதானா கெடச்சிச்சு?" என்று அம்மா போட்ட சத்தம் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சிங்களத்தில் எல்லாம் விசாரித்துவிட்டு, எண்ணெயிலும் மெழுகிலும் பிழை இருக்காது, சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால்தான் இந்தப் பிள்ளையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல, கூடப்பிறந்தவர்களுக்கும் இப்படி இருக்கலாம் என்றார். அந்த இடத்திலேயே உன் கிளவுஸ் ஞாபகம் வந்தது. உங்களை வளர்த்த பாலே உன் கையைத் தின்கிறது மகளே.

இப்போது அனுப்புவது புதிதாகக் காய்ச்சி, வெந்நீரில் கழுவிய டப்பாவில் ஊற்றியது. முதலில் முழங்கை மடிப்பில் துளி பூசி ஒரு நாள் பார், பிறகு கை கழுவித் துடைத்த இலேசான ஈரத்தோடு பூசு. இரத்தம் வரும் இடத்தில் பூசாதே, அதை அங்கே டாக்டரிடம் காட்டு. ஈரவிரலை டப்பாவுக்குள் விடாதே. இதைப் பூசிக்கொண்டு ரப்பர் கிளவுஸ் போடாதே, எண்ணெய் பட்டால் ரப்பர் இளகிவிடும் என்று உனக்கே தெரியும்.

ஆனால் கிளவுஸை மாற்றாமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது. அதனால் டாக்டரம்மாவிடம் கெஞ்சி, ரப்பர் கலக்காத கிளவுஸ் கொடுக்கும்படி இங்கிலீஷில் ஒரு துண்டுக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறேன். டப்பாவைத் திறக்கும் முன் அந்தக் கடிதத்தை உன் மேலாளரிடம் கொடு. குறை சொன்னால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதானே இவ்வளவு நாள் மறைத்தாய்? அனுப்பினால் அனுப்பட்டும் மகளே. நானும் அம்மாவும் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் வந்து நிற்போம்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருடம் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
நடராஜா.